லோபே டி வேகா இத்தனை நாடகங்களை எப்படி எழுதினார்? பதில் முற்றத்தில் இருக்கிறது

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. 1600-ஐ ஒட்டிய காலத்து ஸ்பானிய நாடகாசிரியர் லோபே டி வேகா ஆயிரத்துக்கும் மேல் நாடகம் எழுதினார் என்கிறார்களே, நம்பலாமா? அவர் காலத்து ஸ்பானிய நாடகங்களை மொழிபெயர்ப்பில் எடுத்தால் பாதியிலேயே பிடி நழுவிவிடுகிறதே, எங்கிருந்து தொடங்குவது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கும். அந்த நாடகங்கள் நடந்த முற்றத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு நாடகப் பிரதியை மட்டும் படித்தால், 'ஏன் இப்படித் திடீரென்று ஓடுகிறது, ஏன் பாட்டின் வகை மாறிக்கொண்டே இருக்கிறது, ஏன் முடிவில் அவசரமாகக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள்' என்று எரிச்சல்தான் மிஞ்சும்.

முற்றத்துக்கு முன்பு என்ன இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நாடகத் துண்டு, தொலேதோவில் கிடைத்த 'மூன்று அரசர்கள்' பற்றிய சமய நாடகம். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 147 வரிதான் மிஞ்சியிருக்கிறது. அதற்குப் பின் நீண்ட இடைவெளி. 1490-களில் ஆல்பா பிரபுவின் அரண்மனையில் ஹுவான் தெல் என்சினா இடையர் நாடகங்களை நடத்தினார். 1499-இல் பூர்கோஸில் 'செலெஸ்தினா' அச்சாயிற்று. முழுக்க உரையாடல் என்றாலும் மேடைக்கு ஆகாத நீளம், வாசிக்க எழுதியது. காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நாடகம் போடும் தொழில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உருப்பெறுகிறது. அதன் முன்னோடி செவியாவைச் சேர்ந்த லோபே டி ருவேதா. தங்கத் தகடு அடிப்பது அவர் பழைய தொழில்.

அவருடைய மேடையைச் சிறுவயதில் பார்த்த செர்வாந்தெஸ் ('டான் கிஹோத்தே' நாவலை எழுதியவர்), 1615-இல் தன் நாடகத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அதை வருணித்திருக்கிறார். சாமான் முழுவதும் ஒரே சாக்கில் அடங்கிவிடும்: பொன்னிறத் தோல் கரை வைத்த வெள்ளை ஆட்டுத்தோல் அங்கிகள் நான்கு, தாடியும் பொய்முடியும் நான்கு நான்கு, ஆட்டிடையர் கோல் நான்கு. நான்கு பெஞ்சைச் சதுரமாகப் போட்டு அதன்மேல் நாலோ ஆறோ பலகையைப் பரப்பினால் மேடை. இரண்டு கயிற்றில் இழுக்கிற ஒரு பழைய போர்வைதான் திரை. அதற்குப் பின்னால் ஒப்பனை, அதற்குப் பின்னால்தான் கித்தார் கூட இல்லாமல் பாட்டு. ருவேதா 1565-இல் இறந்தார். அடுத்த இருபது ஆண்டுக்குள் மாட்ரிட்டில் நிரந்தர அரங்குகள் வந்துவிட்டன. இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து.

இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ஸ்பானிய அரங்கின் அச்சாணியே இதுதான். மாட்ரிட்டில் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்திய சமயச் சங்கங்கள் இருந்தன: 1565-இல் தொடங்கிய 'பாடுகளின் சங்கம்', 1567-இல் தொடங்கிய 'தனிமை மாதா சங்கம்'. நாடகம் போடுகிற இடத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு வாடகையையும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கையும் மருத்துவமனைக்குச் சேர்க்கலாம் என்று அவை கண்டுகொண்டன. முதலில் வீடுகளுக்கு நடுவில் இருந்த கொல்லை முற்றங்களை வாடகைக்கு எடுத்தார்கள். 1574-இல் 'கனாஸா' என்ற பெயரில் புகழ்பெற்ற இத்தாலிய நடிகர் தன் குழுவோடு மாட்ரிட்டில் ஆடியபோது, ஒரு முற்றத்தில் ஒழுங்கான மேடையும் கூரையும் போட அவரும் பணம் கொடுத்தார். பிறகு சங்கங்கள் சொந்த இடமே வாங்கிக் கட்டின. 1579-இல் குருஸ் தெருவில் ஒன்று, 1583-இல் பிரின்சிபே தெருவில் இன்னொன்று. இதற்கு ஸ்பானியப் பெயர் கொர்ரால். முற்றம், தொழுவம் என்று பொருள்.

பாதிரிமார்களில் ஒரு சாரார் நாடகத்தைப் பாவம் என்று அறுபது எழுபது ஆண்டு கத்திக்கொண்டே இருந்தும் அது நிலைத்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். 1597 நவம்பரில் அரசர் இரண்டாம் பிலிப்பின் மகள் கத்தலீனா இறந்தாள். துக்கத்துக்காக மூடிய அரங்குகளைத் திறக்கவே கூடாது என்று 1598-இல் தடை வந்தது. மாட்ரிட் நகரசபை அரசருக்கு அனுப்பிய மனுவில் கலையின் பெருமையைவிட மருத்துவமனைகளின் வருமானம்தான் வலுவான வாதமாக நின்றது. 1599-இல் கதவுகள் திறந்தன. 1638-இல் நகரமே நிர்வாகத்தை ஏற்று, மருத்துவமனைகளுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கத் தொடங்கியது.

இப்போது முற்றத்துக்குள் போகலாம். நீள்சதுரமான வெட்டவெளி, மூன்று பக்கம் வீடுகள், ஒரு கோடியில் மேடை. ஆண்கள் தெரு வாசலில் ஒருமுறை காசு கொடுப்பார்கள், அது நாடகக் குழுவுக்கு. இரண்டடி தள்ளி இன்னொருவர் கையை நீட்டுவார், அது மருத்துவமனைக்கு. உட்கார வேண்டும் என்றால் மூன்றாவது முறை. ஒரே சீட்டில் எல்லாம் அடங்காததால் வாசலில் தினமும் தகராறுதான். ஓசியில் நுழைவதைச் சிலர் தன்மானப் பிரச்சினையாகவே வைத்துக்கொண்டு வாளை உருவியதும் உண்டு. மேடைக்கு நேர் கீழே சில பெஞ்சு. அதன் பின்னால் முற்றத்தில் நின்றபடி பார்க்கிற ஆண்கள். இவர்களுக்கு 'மொஸ்கெத்தேரோ', அதாவது துப்பாக்கிக்காரர் என்று பட்டப்பெயர். ஒரு நாடகத்தின் தலையெழுத்து இவர்கள் கையில். செர்வாந்தெஸ் அதே முன்னுரையில் தன் ஆரம்ப கால நாடகங்களைப் பற்றிச் சொல்லும்போது, வெள்ளரிக்காயோ எறியத்தக்க வேறு பொருளோ காணிக்கையாக வராமலே அவை நடந்து முடிந்தன என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். வழக்கமாக என்ன வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெண்களுக்குத் தனி வாசல், தனி இடம். மேடைக்கு எதிர்க் கோடியில் மாடியில் இருக்கும் அந்த அடைப்புக்குக் 'காசுவேலா' என்று பெயர். சமையல் சட்டி என்று அர்த்தம். பெண்களை நெருக்கித் தள்ளி இன்னும் நாலு பேருக்கு இடம் உண்டாக்குவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தான். அவன் பெயரே 'அமுக்குகிறவன்'. பிடிக்காத நாடகத்துக்கு இங்கிருந்து சாவிக்கொத்துச் சத்தமும் சீழ்க்கையும் கிளம்பும். சுற்றியுள்ள வீடுகளின் ஜன்னல்களே பணக்காரர்களுக்கான தனி அறைகள். வீட்டுக்காரர் தன் ஜன்னலிலிருந்து பார்ப்பதற்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கடைசி மாடியில் குருமாரும் படித்தவர்களும். கீழே ஒரு மூலையில் தேனும் மசாலாவும் கலந்த நீர் விற்கும் கடை. பிரின்சிபே முற்றத்தில் நெருக்கினால் ஏறக்குறைய 2,000 பேர் கொள்ளும் என்பது ஆய்வாளர் கணக்கு.

மேடை ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம், நாலைந்து மீட்டர் ஆழம். முன்திரை கிடையாது. பின்சுவர் மூன்று அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று திறப்புகள், துணி தொங்கவிட்டவை. கீழடுக்கின் நடுத்திறப்பைச் சட்டென்று விலக்கினால் இறந்த உடலோ பலிபீடமோ சிம்மாசனமோ தெரியும். இரண்டாம் அடுக்கு பால்கனி, கோட்டை மதில், மலை எல்லாமாகவும் பயன்படும். தரையில் பொறிக்கதவு, பேய்களும் நரகத்துக்குப் போகிறவர்களும் அதன் வழியே. பெண்களின் ஒப்பனை அறை மேடைக்குப் பின்னால், ஆண்களுடையது மேடைக்கு அடியில். இவ்வளவுதான் வசதி. காட்சித் திரை, விளக்கு எதுவும் இல்லை.

விளக்கு இல்லாததன் விளைவுதான் நாம் படிக்கும் பிரதியில் மிகவும் தெரிகிறது. நாடகம் பகலில்: குளிர்காலத்தில் இரண்டு மணிக்கு, கோடையில் இன்னும் தாமதித்து. இருட்டுவதற்குள் கூட்டம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விதி. முற்றத்துக்கு மேலே இழுத்துக் கட்டுகிற துணி வெயிலின் கூச்சத்தைக் குறைக்கும், மழைக்கு உதவாது. மழை வந்தால் அன்றைய வருமானம் போச்சு. ஆகவே நடுப்பகல் வெளிச்சத்தில் நள்ளிரவைக் காட்ட வேண்டும் என்றால் அதை நடிகர்தான் செய்ய வேண்டும். கையில் தீவட்டியோ மெழுகுவர்த்தியோ ஏந்தி வந்தால் இரவு. தடவித் தடவி நடந்தால் கும்மிருட்டு. பூட்ஸும் குதிமுள்ளும் போட்டு வந்தால் பயணத்திலிருந்து இப்போதுதான் இறங்கியிருக்கிறார். 'இந்த ஆற்றங்கரை எவ்வளவு குளுமை' என்று ஒருவர் சொன்னவுடன் அது ஆற்றங்கரை. இதை மனத்தில் வைக்காமல் படிப்பவருக்கு, பாத்திரங்கள் கண்ணுக்குத் தெரிவதையே ஏன் ஓயாமல் வருணிக்கிறார்கள் என்று அலுப்பாக இருக்கும். அந்த வருணனைதான் காட்சியமைப்பு.

ஆண்டுக் கணக்கும் முக்கியம். ஈஸ்டர் முடிந்ததும் பருவம் தொடங்கும். அடுத்த ஆண்டு தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களோடு முடியும். தவக்கால இடைவெளியில் குழுக்கள் கலைந்து, நடிகர்கள் அடுத்த ஆண்டுக்குப் புது ஒப்பந்தம் எழுதுவார்கள். அரச குடும்பத்தில் சாவு என்றால் எல்லாம் மூடப்படும். 1644-இல் ராணி, 1646-இல் பட்டத்து இளவரசன் என்று அடுத்தடுத்து வந்த சாவுகளால் சில ஆண்டுகளுக்குத் தொழிலே முடங்கிப்போனது. அந்தப் பசியை எழுத்தாளரும் நடிகரும் சேர்ந்தே அனுபவித்தார்கள்.

பெண்கள் மேடை ஏறுவதற்கு மாட்ரிட்டில் 1587-இல் அனுமதி கிடைத்தது. இத்தாலியக் குழு ஒன்று கேட்டு வாங்கிய அனுமதி அது. நிபந்தனைகள்: நடிகை மணமானவளாக இருக்க வேண்டும், கணவன் கூட வர வேண்டும், பெண் உடையில்தான் நடிக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. காதலனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படும் பெண் இந்த நாடகங்களில் அடிக்கடி வருகிறாள். கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று லோபேயே ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் இதே காலத்தில் பெண் வேடங்களைச் சிறுவர்கள் கட்டினார்கள்; அங்கே 1660 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்பானிய நாடகத்தில் பெண் பாத்திரங்களுக்கு இவ்வளவு நீளமான, கடினமான பேச்சுகள் இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு நேரடிக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட நடிகையின் குரலை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள். 'அசட்டுப் பெண்' நாடகத்தை லோபே 1613-இல் ஹெரோனிமா டி பூர்கோஸ் என்ற நடிகைக்காகத் தன் கையால் எழுதித் தந்தார்.

குழுக்களின் தரவரிசையை அகுஸ்தின் டி ரோஹாஸ் என்ற நடிகர் 1603-இல் அச்சான தன் நூலில் எட்டு வகையாகப் பிரிக்கிறார். கீழ்ப்படியில் 'புலுலூ': ஒற்றை ஆள், நடைப் பயணம். கிராமத்துப் பாதிரியார், நாவிதர், கோயில்பிள்ளை என்று சிலரைக் கூட்டி, ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, 'இப்போது நாயகி வருகிறாள், இப்படிச் சொல்கிறாள்' என்று எல்லாப் பாத்திரத்தையும் தானே பேசுவான். பாதிரியார் தொப்பியில் வசூல் செய்து தருவது சில செப்புக்காசு, ஒரு துண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் கஞ்சி. இரண்டு பேர் என்றால் வேறு பெயர், மூன்று நான்கு பேர் என்றால் வேறு. 'கம்பலேயோ' என்பது பாடுகிற ஒரு பெண்ணும் அழுகிற ஐந்து ஆண்களும். உச்சியில் 'கொம்பானியா': நடிப்பவர் 16 பேர், சாப்பிடுகிறவர் 30 பேர், காசு வாங்குபவர் ஒருவர், திருடுபவர் யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கையிருப்பில் 50 நாடகம், மூட்டை முடிச்சு 300 அர்ரோபா. ஓர் அர்ரோபா சுமார் 11.5 கிலோ; அப்படியென்றால் மூன்றரை டன் சாமான். ருவேதாவின் ஒற்றைச் சாக்கிலிருந்து இதற்கு நாற்பது ஆண்டுதான். உரிமம் பெற்ற குழுக்கள் 1603-இல் எட்டு என்றும் 1615-இல் பன்னிரண்டு என்றும் அரசு வரையறுத்தது.

அந்த 50 நாடகம் என்ற எண்ணில்தான் முதல் கேள்விக்கு விடை ஒளிந்திருக்கிறது. மாட்ரிட்டில் அப்போது மக்கள்தொகை லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. இரண்டு பெரிய முற்றங்கள். திரும்பத் திரும்ப வருகிற அதே கூட்டம். புதிய நாடகம் நாலைந்து நாள் நின்றாலே வெற்றி. பிறகு அடுத்தது வேண்டும். தேவை இப்படி இருந்தால், எழுதுகிறவனும் அதற்கேற்ற முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். லோபே கண்டுபிடித்தது அந்த முறையைத்தான்.

1609-இல் அவர் 389 வரியில் ஒரு செய்யுள் உரை வெளியிட்டார்: 'இக்காலத்தில் நாடகம் செய்யும் புதிய கலை'. மாட்ரிட்டின் இலக்கியச் சபையில் படிக்க எழுதியது. நாடகம் எழுத உட்காரும்போது பழைய இலக்கணங்களை ஆறு சாவி போட்டுப் பூட்டிவிடுவேன், பழைய ரோமானிய நாடகாசிரியர்களான பிளாட்டஸையும் டெரன்ஸையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவேன், காசு கொடுப்பது பொதுஜனம், ஆகவே அவர்களுக்குப் பிடித்ததைப் பேசுவதுதான் நியாயம் என்கிறார். இந்த இடத்தைப் பலர் வெறும் விளம்பரத் திமிராகப் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது முழுக்கத் தொழில் குறிப்பு, யாரும் அதைப் படிப்பதில்லை.

மூன்று அங்கம், ஒவ்வோர் அங்கத்துக்கும் நான்கு பிளியேகோ தாள் மட்டும். பிளியேகோ என்றால் மடித்த முழுத்தாள். மொத்தம் பன்னிரண்டு, கேட்பவரின் நேரமும் பொறுமையும் அவ்வளவுதான். வரிக்கணக்கில் அங்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம், நாடகம் மூவாயிரம். முதல் அங்கத்தில் விஷயத்தைப் போடு, இரண்டாவதில் முடிச்சுகளை இறுக்கு, மூன்றாவதின் நடுப்பகுதி வரை எவனும் முடிவை ஊகிக்கக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் மூன்று மணி நேரம் மேடையைப் பார்த்திருந்த கூட்டம் வாசல் பக்கம் திரும்பி நமக்கு முதுகைக் காட்டும் என்கிறார். கடைசி நூறு வரியில் ரகசியம் உடைந்து, அடுத்த இருபது வரியில் மூன்று கல்யாணம் நடப்பதற்குக் காரணம் இதுவே. மேடையை ஆளில்லாமல் விடாதே, அந்த வெற்று நேரத்தில் கூட்டம் அமைதி இழக்கும். மானப் பிரச்சினையைக் கதைப்பொருளாக எடு, அது எல்லோரையும் உலுக்கும். சோகத்தையும் சிரிப்பையும் கல, இயற்கையே அப்படித்தான் இருக்கிறது.

பாத்திரங்களும் ஏறக்குறைய நிர்ணயமானவை, ஏனென்றால் குழுவில் அந்தந்த வகைக்கு ஆள் இருந்தார்கள்: நாயகன், நாயகி, தாடிக்காரத் தகப்பன், அதிகாரம் உள்ள அரசன் அல்லது பிரபு, கோமாளி வேலைக்காரன், கெட்டிக்கார வேலைக்காரி. கோமாளிக்கு ஸ்பானிய மொழியில் 'கிரசியோசோ'. பசி, பயம், காசு மூன்றையும் பேசுவது இவன் வேலை. எஜமான் காதலை வானளாவப் பேசும்போது இவன் கீழே இழுப்பான். இந்தக் கையிருப்பு இருப்பதால் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை.

அதே உரையில் பாவகைகளைப் பற்றி ஒரு பத்தி. எனக்கு மொத்த ஸ்பானிய அரங்கிலும் மிகவும் பிடித்த பத்தி அது. புலம்பலுக்குத் தெசிமா, காத்திருப்பவருக்குச் சானெட் என்ற பதினான்கு வரிப் பாட்டு, நடந்ததை விவரிக்க ரொமான்ஸ், கனமான விஷயத்துக்கு மூவரிப் பாட்டு, காதல் பேச்சுக்கு ரெதொந்தீயா என்று பொருத்திக் காட்டுகிறார். இவற்றைக் காதால் பிரித்தறிய அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். ரொமான்ஸ் என்பது எட்டசை வரி (இங்கே அசை என்பது தமிழ் யாப்பின் அசை அல்ல, ஓர் உயிரொலி கொண்ட ஒலித்துண்டு). இரட்டைப்படை வரிகளின் இறுதியில் உயிரொலி மட்டும் ஒத்து வரும், மெய் ஒத்துவர வேண்டியதில்லை. நெடுங்கதைக்கு ஏற்றது, ஓட்டம் நிற்காது. ரெதொந்தீயா நான்கு எட்டசை வரி. முதலும் நான்கும் இயையும், இரண்டும் மூன்றும் இயையும். தெசிமா பத்து எட்டசை வரி, நான்காம் வரியில் சற்று நின்று மறுபடி ஏறும். பதினோரு அசை வரிகள் அரசர்களுக்கும் ஆழ்ந்த யோசனைக்கும். அசை எண்ணும்போது இரண்டு விதி மறந்தால் கணக்கு தவறும்: ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஓர் அசை, வரியின் கடைசி அசை அழுத்தமானால் ஒன்று கூட்ட வேண்டும், அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் ஒன்று குறைக்க வேண்டும். ஒரே வரியை மூன்று பாத்திரங்கள் பங்கிட்டுப் பேசினாலும் அது ஒரு வரிதான்.

லோபேக்கு அடுத்த தலைமுறை நாடகாசிரியர் கால்தெரோனின் 'வாழ்க்கை ஒரு கனவு' நாடகத்தின் தொடக்கத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆண் உடையில் ரோசௌரா மேலிருந்து இறங்கி வருகிறாள். அவள் குதிரை மலையில் தடுக்கித் தள்ளிவிட்டது. குதிரையும் மலையும் மேடையில் கிடையாது. ஏழசையும் பதினோரசையும் மாறி மாறி வருகிற 'சில்வா' யாப்பு குதிரையின் ஓட்டத்தையும் தடுமாற்றத்தையும் காதில் போடுகிறது. கோபுரத்துக்குள் சங்கிலியோடு இளவரசன் செகிஸ்முந்தோ தெரிகிறான்; அவன் புலம்ப ஆரம்பித்ததும் யாப்பு தெசிமாவுக்கு மாறுகிறது. பறவைக்கும் விலங்குக்கும் மீனுக்கும் ஓடைக்கும் இருக்கிற சுதந்திரம் எனக்கு ஏன் இல்லை என்று தெசிமாவுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குகிறான். பிறகு அரசன் பசிலியோ, மகனை ஏன் சிறையில் வைத்தேன் என்று சபைக்கு விளக்கும்போது ரொமான்ஸ். இருநூறு வரிக்கும் மேல் நிற்காமல் போகிறது. உரைநடை மொழிபெயர்ப்பில் இந்த மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்கும். படிப்பவர் சோர்ந்துபோகும் இடமும் அதுதான். செய்யுள் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பானிய மூலத்தைப் பக்கத்தில் வைத்து, வரியின் நீளம் எங்கே மாறுகிறது என்பதையாவது கண்ணால் பாருங்கள்.

இனி எண்ணிக்கை. 1609-இல் லோபேயே தந்த கணக்கு 483 நாடகம், 'இந்த வாரம் முடித்ததையும் சேர்த்து'. நூற்றுக்கும் மேற்பட்டவை ஒவ்வொன்றும் இருபத்துநான்கு மணி நேரத்தில் எழுதி மேடைக்குப் போனவை என்று பின்னொரு கவிதையில் சொல்கிறார். 1635-இல் அவர் இறந்ததும் சீடர் பெரெஸ் டி மொந்தால்பான் 1,800 நாடகமும் 400 சமய நாடகமும் என்று எழுதினார். இது பக்திக் கணக்கு. இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் ஐயமில்லாமல் லோபேயுடையவை 300-க்குச் சற்று அதிகம். ஆயிரத்து எண்ணூறை நம்ப வேண்டாம். பல நூறு என்பதை நம்பலாம். அதுவே போதுமான அதிசயம்.

ஏன் இவ்வளவு குழப்பம் என்றால், எழுதியவருக்குப் பிரதியின்மேல் உரிமையே இல்லை. இங்கே ஒரு சொல் எல்லோரையும் ஏமாற்றும். அந்தக் கால ஆவணங்களில் 'அவுத்தோர்' என்று வந்தால் ஆசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள். அது நாடகக் குழுவின் முதலாளி. எழுதுகிறவர் 'பொயெத்தா'. பொயெத்தா தன் கைப்பிரதியை அவுத்தோரிடம் ஏறத்தாழ 500 ரெயாலுக்கு (அந்தக் கால வெள்ளிக்காசு) விற்றுவிடுவார். அதோடு சரி, நூறு முறை ஆடினாலும் மறுபடி காசு கிடையாது. அவுத்தோர் வேண்டாத பகுதியை வெட்டுவார், கோமாளிக்கு வரி கூட்டுவார், இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு குழுவுக்கு விற்பார், கடைசியில் அச்சகத்துக்குத் தள்ளுவார். அச்சடிப்பவர் எந்த நாடகத்துக்கும் விலைபோகிற பெயராக 'லோபே' என்று போட்டுக்கொள்வார்.

திருட்டுக்கென்றே நினைவாற்றல்காரர்களும் இருந்தார்கள். லூயிஸ் ரெமிரெஸ் டி அரெயானோ என்பவர் ஒரு நாடகத்தை மூன்று முறை கேட்டால் முழுதும் ஒப்பிப்பார் என்று 1615-இல் சுவாரெஸ் டி ஃபிகேரோவா என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார். ஒருநாள் லோபேயின் நாடகம் ஒன்று நடக்கையில் சான்செஸ் என்ற நடிகர் வேண்டுமென்றே பேச்சை வெட்டி வெட்டி விழுங்கினார். கூட்டம் கத்தியது. 'மூன்று நாளில் நாடகத்தை மனப்பாடம் செய்கிறவர் உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான்' என்றார் நடிகர். கூச்சல் அதிகமாகி, அந்த மனிதர் எழுந்து போன பிறகுதான் நாடகம் ஒழுங்காக நடந்தது.

1616-இல் லோபே தன் நாடகங்களை அச்சிட முயன்ற பிரான்சிஸ்கோ டி ஆவிலா என்ற வணிகர்மேல் வழக்குப் போட்டார். ஆட விற்றேன், அச்சிட விற்கவில்லை என்பது வாதம். தோற்றுப்போனார். அதன்பின் 1617-இல் ஒன்பதாம் தொகுதியிலிருந்து தானே திருத்தி அச்சிட்டார். 'பார்த்தே' எனப்படும் இந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நாடகம். 1604 முதல் 1647 வரை மொத்தம் 25. நடுவில் 1625 முதல் 1634 வரை மாட்ரிட் அடங்கிய காஸ்தீல் ராஜ்யத்தில் நாடகமும் நாவலும் அச்சிடவே தடை. அந்தப் பத்தாண்டில் பக்கத்து ராஜ்யமான அரகோனில் அச்சிட்டதாகப் பொய் முகவரி போட்ட பதிப்புகள் பெருகின. பெண்களை மயக்கி ஏமாற்றும் டான் ஹுவான் கதைக்கு மூலமான 'செவியாவின் ஏமாற்றுக்காரன்' இந்தச் சேற்றில்தான் வெளிவந்தது. நாடகாசிரியர் தீர்சோ டி மொலினா பெயரில் அச்சானாலும், அது நடிகர்-எழுத்தாளர் ஆந்த்ரெஸ் டி கிளாரமோந்தேயுடையது என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எது யாருடையது, எப்போது எழுதியது என்று தீர்க்க இரண்டு கருவிகள் உதவின. ஒன்று, மேலே சொன்ன பாவகை. மார்லி, புரூர்டன் என்ற இருவர் தேதி தெரிந்த நாடகங்களில் ஒவ்வொரு பாவகையும் எத்தனை விழுக்காடு என்று எண்ணிப் பார்த்தார்கள். இளமையில் லோபே ரெதொந்தீயாவில் மிதக்கிறார்; வயதாக ஆக ரொமான்ஸ் கூடிக்கொண்டே போகிறது. 1940-இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையை வைத்துத்தான் இன்றும் தேதியில்லாத நாடகத்துக்குத் தேதி குறிக்கிறார்கள். இரண்டாவது, கணினி. ஸ்பெயின் தேசிய நூலகத்தில் பெயரில்லாமல் கிடந்த 'பிரெஞ்சுப் பெண் லௌரா' என்ற கைப்பிரதியை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய நாடகங்களோடு சொல்வழக்கு ஒப்பிட்டு லோபேயுடையது என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். கணினி காட்டியதை யாப்பும் நடையும் உறுதிசெய்த பிறகே அறிவித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம். தீர்சோ உண்மையில் கப்ரியேல் தெய்யெஸ் என்ற துறவி. 1625-இல் ஒழுக்கச் சீர்திருத்தக் குழு அவரை உலகியல் நாடகம் எழுதியதற்காகக் கண்டித்தது. மெக்ஸிகோவில் பிறந்த ருயிஸ் டி அலர்கோனின் 'ஐயத்துக்குரிய உண்மை' பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னேயின் கையில் வேறு நாடகமானது. கோர்னேயின் 'சிட்' கூட ஸ்பானியரான கியேன் டி காஸ்த்ரோவின் நாடகத்திலிருந்து வந்ததே. செவியாவில் அனா காரோ என்ற பெண்மணி நகரசபையிடம் காசு வாங்கி எழுதினார். மெக்ஸிகோவில் துறவி சோர் ஹுவானாவின் 'ஒரு வீட்டின் சிக்கல்கள்' 1683-இல் மேடையேறியது. கால்தெரோனின் காலத்தில் மையம் முற்றத்திலிருந்து அரண்மனைக்கு நகர்ந்தது. இத்தாலியப் பொறியாளர் கோசிமோ லோத்தி 1626-இல் வந்து இயந்திரங்களைக் கொண்டுவந்தார். 1640-இல் புவென் ரெத்தீரோ அரண்மனையில் கூரையும் விளக்கும் உள்ள அரங்கு திறந்தது. பாட்டும் பேச்சும் கலந்த 'சார்சுவேலா' என்ற வகைக்கு அரசரின் வேட்டை மாளிகைப் பெயரே நின்றது. கால்தெரோனின் 'ரோஜாவின் செந்நிறம்' 1701-இல் லீமாவில் தொர்ரெஹோன் இசையோடு ஆடப்பட்டது; அமெரிக்கக் கண்டத்தில் நடந்த முதல் ஓபரா அதுதான்.

படிக்கத் தொடங்குபவருக்கு என் யோசனை: கால்தெரோனில் ஆரம்பிக்காதீர்கள். செர்வாந்தெஸின் 'அற்புதங்களின் மேடை' என்ற குறுநாடகம் அரை மணியில் முடியும். பிறகு லோபேயின் 'தோட்டக்காரன் நாய்'. பிலார் மிரோ 1996-இல் எடுத்த திரைப்படம் செய்யுளை அப்படியே வைத்திருக்கிறது, காதுக்கு நல்ல பயிற்சி. மூன்றாவது 'ஃபுவென்தே ஒவெஹூனா'. 1476-இல் கலத்ராவா என்ற சமய வீரர் சங்கத்தின் படைத்தலைவனை ஓர் ஊரே சேர்ந்து கொன்ற உண்மை நிகழ்ச்சி. மூன்றாம் அங்கத்தில் லௌரென்சியா தலைவிரி கோலமாக வந்து ஊர் ஆண்களைக் கிழிக்கும் பேச்சும், சித்திரவதையை மேடைக்குப் பின்னாலிருந்து குரலாக மட்டும் கேட்பதும் முற்றத்தின் வசதியை முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட இடங்கள். நான்காவது 'ஒல்மேதோவின் வீரன்': கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த நாட்டுப்பாடலிலிருந்து எடுத்ததால், நாயகன் சாகப்போகிறான் என்று எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். முடிவை மறை என்று எழுதிய அதே லோபே அதை உடைத்துக் காட்டுகிறார். இதற்குப் பிறகு 'வாழ்க்கை ஒரு கனவு' எளிதாகவே திறக்கும்.

ஸ்பானிய மூலம் படிப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். 'கொமேதியா' என்றால் நகைச்சுவை நாடகம் என்று பொருள் கொள்ளாதீர்கள். மூன்று அங்க நாடகம் எதுவும் கொமேதியாதான், ஆறு பேர் செத்தாலும். காட்சி எண்களும் 'அரண்மனை மண்டபம்' போன்ற இடக்குறிப்புகளும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள், முக்கியமாக ஹார்ட்ஸென்புஷ், சேர்த்தவை. மூலத்தில் அங்கப் பிரிவு மட்டுமே உண்டு. மேடை காலியாகி, கூடவே யாப்பும் மாறினால் புதிய காட்சி என்று நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம். 'அல் பான்யோ' என்றால் துணிக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்கிறார். எல்லாவற்றையும்விட அதிகம் பேர் விழும் குழி 'சாலே' என்ற சொல். அகராதியில் 'வெளியேறுகிறார்' என்றிருக்கும். மேடைக்குறிப்பில் அது ஒப்பனை அறையிலிருந்து வெளியே, அதாவது மேடைக்கு வருகிறார். 'என்த்ராசே', உள்ளே போகிறார் என்றால் மேடையை விட்டுப் போகிறார். கணக்கெல்லாம் நடிகர் நிற்கும் இடத்திலிருந்து. இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் மேடையில் இல்லாதவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்.